மிச்ச கேஸைத் திறந்துவிடலாமா, மலிவு கேனை நம்பலாமா? கார் ஏசி வேலையில் சில ஐயங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பட்டறை

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் சிறிய கார் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். இதுவரை இன்ஜின், கிளட்ச், சஸ்பென்ஷன் வேலைகளோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். ஏசி வேலை வந்தால் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பிவிடுவதுதான் வழக்கம். ஆனால் பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் அடிக்கும் வெயிலில் வாடிக்கையாளர்கள் ஏசியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள் என்பதால், அழுத்தம் பார்க்கும் மானிஃபோல்ட் கேஜ், ஏசி லைனிலுள்ள காற்றை உறிஞ்சும் வேக்யூம் பம்ப், டிஜிட்டல் தராசு ஆகியவற்றை வாங்கி, வேறொரு ஏசி கடையில் வேலை பார்த்த ஒரு பையனையும் சேர்த்திருக்கிறேன்.

அந்தப் பையன் கைத்திறமை உள்ளவன்தான். ஆனால் கண்டென்சரையோ கம்ப்ரஸரையோ கழற்றுவதற்கு முன்பு, அழுத்தம் குறைந்த பக்கமான லோ சைடின் நிப்பிளில் உள்ள பின்னை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, உள்ளே இருக்கும் கேஸ் முழுவதையும் சீறவிடுகிறான். கேட்டால், கார் ஏசியில் அடிக்கும் ஆர்-134ஏ கேஸ் எரியாது, நஞ்சும் இல்லை, ஓசோனையும் கெடுக்காது, எல்லாக் கடைகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறான். அவன் சொல்வதில் எது சரி, எது தவறு என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எங்கள் பட்டறையில் சர்வீஸ் குழி ஒன்று இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வெல்டிங் கடை.

இரண்டாவது, உதிரிபாகங்கள் கொண்டு வந்து தரும் ஒருவர், 134-க்குப் பதிலாக இதை அடிக்கலாம், பாதி அளவு போதும், குளிர்ச்சி இன்னும் கூடும் என்று சொல்லி மலிவு விலையில் சில கேன்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே என்ன வேதிப்பொருள் என்று கேனில் அச்சிடப்படவில்லை. அதை இன்னும் தொடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: செங்கோட்டை ஏசி

நண்பருக்கு வணக்கம். முதலில் கேன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. அந்தக் கேன்களை எந்த வண்டிக்கும் அடிக்க வேண்டாம். கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாதி அளவு போதும் என்று சொல்லி விற்கப்படுபவை பெரும்பாலும் புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த கலவைகள். அதாவது சமையல் கேஸின் உறவினர்கள். அவை நன்றாகவே குளிரூட்டும் என்பதையும், எடை குறைவாகவே பிடிக்கும் என்பதையும் மறுக்க முடியாது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் ஐசோபியூட்டேன் முறைப்படி பயன்படுத்தப்படுகிறது. ஆனால் அங்கே அளவு சில பத்து கிராம்கள்தான், குழாய்கள் பற்றவைத்து மூடப்பட்டவை. காரில் நிலைமை வேறு. குளிர்ச்சி தரும் எவாபரேட்டர் டாஷ்போர்டுக்குள் இருக்கிறது, ரப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் அதிர்வில் தளர்கின்றன, கசிந்தால் கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் புளோயரே அதைப் பரப்பிவிடும். காற்றில் 2 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டினாலே புரொப்பேன் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். சமையல் சிலிண்டர் கேஸில் கசிவு தெரிவதற்காக வாசனைப் பொருள் சேர்க்கிறார்கள். இந்தக் கேன்களில் அது இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இதைவிட மோசமான ஒரு வகையும் உண்டு. 2011-இல் கப்பல்களில் ஏற்றும் குளிர்பதனப் பெட்டகங்கள் சில வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 134ஏ என்ற பெயரில் அடிக்கப்பட்ட போலி கேஸில் மெதில் குளோரைடு, அதாவது ஆர்-40, கலந்திருந்ததே காரணம் என்று கண்டறிந்தார்கள். அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டவுடன் தானாகவே தீப்பற்றும் டிரைமெதில் அலுமினியம் என்ற பொருளை உண்டாக்கும். கார் ஏசியில் கண்டென்சர், எவாபரேட்டர், கம்ப்ரஸர் உடல் எல்லாமே அலுமினியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேஜை மாட்டிப் பார்த்தால் போலியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. சிலிண்டரை நிழலில் பல மணி நேரம் வைத்து, அதன் வெப்பநிலை அறையின் வெப்பநிலையோடு சமமான பிறகு அழுத்தத்தைப் பாருங்கள். சுத்தமான 134ஏ என்றால் 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133 காட்ட வேண்டும். இதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் எண் பொருந்திவிட்டது என்பதாலேயே அது 134ஏ என்று ஆகிவிடாது. புரொப்பேன் கலவைகளையும் ஆர்-40 கலவைகளையும் இதே அழுத்தம் வருமாறுதான் கலக்கிறார்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் வரும் ஆர்-1234ஒய்எஃப் கூட, 134ஏ-க்கு மிக அருகிலான அழுத்தத்தையே காட்டும். உறுதியாக அறிய, கேஸை இனங்காணும் ரெஃப்ரிஜெரன்ட் ஐடென்டிஃபையர் கருவி தேவை. அது விலை கூடியது என்பதால், சிறிய பட்டறைக்கு நடைமுறையான காப்பு, பில் தரும் கடையில், உற்பத்தியாளர் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட சரக்கை மட்டும் வாங்குவதே.

இதோடு இன்னொன்று. உங்களிடம் வரும் வண்டிக்கும் யாரோ ஒருவர் ஏற்கெனவே இந்த மலிவு கேஸை அடித்திருக்கக்கூடும். சபரிமலை பருவத்தில் புளியரை வழியாக ஆரியங்காவு ஏறும் வேன்களில், வழியில் எங்கோ கேஸ் அடித்தோம், எந்தக் கடை என்று நினைவில்லை என்று சொல்லி இறங்கும் ஓட்டுநர்களைக் கார்த்திகை, மார்கழியில் நிறையப் பார்க்கலாம். எனவே பானெட்டைத் திறந்ததும், கடைசியாக எங்கே, என்ன அடித்தார்கள் என்று கேட்டு, பதிலை ஜாப் கார்டிலேயே எழுதிவையுங்கள். ஐயம் இருக்கும் வண்டியை எரியும் கேஸ் உள்ள வண்டி என்றே கருதி வேலை செய்யுங்கள்.

பதில் 2: கம்பம் ஐடிஐ பயிற்றுநர்

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு. செங்கோட்டைக்காரர் கேனைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. கேஸைத் திறந்துவிடும் பழக்கத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

உங்கள் பையன் சொன்ன மூன்றும் அரைகுறை உண்மைகள். 134ஏ-யில் குளோரின் இல்லை என்பதால் அது ஓசோனைக் கெடுக்காது என்பது சரி. பழைய ஏசி கேஸான ஆர்-12-க்கு மாற்றாக அது வந்ததே அதனால்தான். ஆனால் ஒரு கிலோ 134ஏ வானில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயு கலந்ததற்கு ஈடான வெப்பத்தை அது பிடித்துவைக்கும். 450 கிராம் கொள்ளும் ஒரு காரைத் திறந்துவிட்டால், ஒரு நிமிடத்தில் 640 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்கு ஈடானதை விட்டதாக ஆகும். ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையில் 2016-இல் செய்யப்பட்ட கிகாலி திருத்தம் இந்த வகை வாயுக்களைக் குறைப்பதற்காகவே வந்தது. இந்தியா அதை 2021-இல் ஏற்றுக்கொண்டது. அந்த அட்டவணைப்படி 2028-இல் பயன்பாடு உச்சவரம்புக்குள் நிறுத்தப்பட்டு, 2032-இலிருந்து படிப்படியாகக் குறைக்கப்படும். அரசு 2019-இல் வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டத்திலும் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பது இலக்காக எழுதப்பட்டிருக்கிறது. வரத்து குறையப் போகும் பொருளைக் காற்றில் விடுவது, பட்டறைக்காரர் என்ற முறையிலும் உங்களுக்கு நட்டம்தான்.

எரியாது என்பது, சாதாரணக் காற்றில், சாதாரண அழுத்தத்தில் மட்டுமே சரி. அழுத்தப்பட்ட காற்றோடு கலந்தால் 134ஏ எரியக்கூடிய கலவையாக மாறும். ஆகவே கசிவு பார்ப்பதற்காக ஏர் கம்ப்ரஸர் குழாயை ஏசி லைனில் மாட்டும் பழக்கம் இருந்தால், அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கசிவுச் சோதனைக்கு உலர் நைட்ரஜன் பயன்படுத்த வேண்டும், அதுவும் ரெகுலேட்டர் வழியாக மட்டுமே. நிரம்பிய நைட்ரஜன் சிலிண்டருக்குள் இருப்பது ஏறத்தாழ 150 பார், உங்கள் எவாபரேட்டர் தாங்குவது அதில் சிறு பங்குதான். ஆக்ஸிஜனை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. கம்ப்ரஸர் ஆயிலும் அழுத்த ஆக்ஸிஜனும் சந்தித்தால் வெடிக்கும். பக்கத்தில் வெல்டிங் கடை இருப்பதால் ஆக்ஸிஜன் சிலிண்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் என்பதை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வெல்டிங் தீப்பொறி இன்னொரு வகையிலும் கவலை தருகிறது. 134ஏ தீச்சுடரையோ பழுக்கக் காய்ந்த உலோகத்தையோ சந்தித்தால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு முதலான நச்சு வாயுக்களைத் தரும். கண்ணிலும் தொண்டையிலும் கடுமையான எரிச்சல் ஏற்படுவதே அதன் முதல் அறிகுறி. கேஸ் உள்ள லைனில் பற்றவைப்பு வேலை செய்வதும், கேஸ் விட்ட இடத்தில் பீடி பற்றவைப்பதும் இதே ஆபத்துதான்.

நஞ்சில்லை என்ற மூன்றாவது வாதத்திற்கு உங்கள் குழியே விடை. 134ஏ ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. திறந்துவிட்டால் மேலே போகாமல் தரையோடு பரவி, குழிக்குள் இறங்கித் தேங்கிக்கொள்ளும். அதற்கு நிறமும் இல்லை, எச்சரிக்கும் அளவுக்கு மணமும் இல்லை. குழிக்குள் நிற்பவருக்கு ஆக்ஸிஜன் குறைந்து மயக்கம் வரலாம். மிக அடர்த்தியாகச் சுவாசித்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறவும் கூடும். ஆகவே ஏசி வேலையைக் குழியின் மேல் நிறுத்தி ஒருபோதும் செய்யாதீர்கள். யாராவது மயங்கினால், மூச்சைப் பிடித்துக்கொண்டு தானும் குழிக்குள் குதிக்காமல், முதலில் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்கி, ஆளை வெளியே கொண்டுவந்து, மருத்துவமனையில் ஏசி கேஸைச் சுவாசித்தவர் என்று கட்டாயம் சொல்ல வேண்டும். அட்ரினலின் வகை ஊசி அந்த நிலையில் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவருக்கு இந்தத் தகவல் முக்கியம்.

ஸ்க்ரூடிரைவரால் பின்னை அழுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். 134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கையில் பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் குழாயை ஏசியோடு இணைக்கும் கப்ளரைத் தொடவே விடாதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்கக்கூடாது, வெந்நீர் ஊற்றக்கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைக்க வேண்டும். கண் என்றால் கால் மணி நேரம் நீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சரியான வழி ரெகவரி இயந்திரம்தான். அது கேஸை உறிஞ்சி, அதற்கென்றே உள்ள, மறுபடி நிரப்பத்தக்க ரெகவரி சிலிண்டரில் சேர்க்கும். அந்தச் சிலிண்டரைத் தராசில் வைத்தே நிரப்ப வேண்டும். 80 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. திரவம் முழுக்க நிரம்பிய சிலிண்டர் வெயிலில் சில டிகிரி சூடானாலும், விரிவடைய இடமில்லாமல் அழுத்தம் தாறுமாறாக ஏறி உடையும். புதிய கேஸ் வந்த, ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய சிலிண்டரில் திரும்ப அடைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். வேக்யூம் பம்ப் இருக்கிறதே, அதை வைத்து இழுத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வேக்யூம் பம்ப் இழுப்பதை அப்படியே பட்டறைக்குள்தான் வெளியே தள்ளும், எதையும் சேமிக்காது. எரியும் கேஸ் உள்ள வண்டியில் அதைப் போட்டால் மோட்டார் பொறியே தீமூட்டும்.

பதில் 3: நகரி எல்லைப் பட்டறை

ஆசிரியர் ஐயா எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் திருத்தணிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்களைப் போல் கடை வைத்திருப்பவர்களுக்கு ரெகவரி இயந்திரத்தின் விலைதான் முதல் தடை. புத்தூர்ச் சாலையில் அருகருகே உள்ள கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே இயந்திரத்தை வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்திக்கொள்கிறோம். எடுத்த கேஸை வடிகட்டி, எடை பார்த்து, அதே வண்டிக்குத் திரும்ப அடித்துவிட்டு, குறைந்த அளவுக்கு மட்டும் புதிய கேஸுக்குப் பணம் வாங்குவதால் வாடிக்கையாளரும் முணுமுணுப்பதில்லை. ஒரே எச்சரிக்கை, லீக்கை அடைக்கும் திரவம் ஏதாவது ஊற்றியிருக்கிறார்களா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்; அது இயந்திரத்திற்குள் போய் இறுகிவிட்டால் பழுதுபார்க்கும் செலவு உங்களுடையது.

மறுமொழி: கொழிஞ்சாம்பாறை பட்டறை

அண்ணாச்சிக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் நகரி அண்ணனுக்கும் மிக்க நன்றி. கேன்களைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டேன், அவர் வந்ததும் திருப்பிவிடுவேன். முன்பக்கக் கொட்டகையை ஏசி வேலைக்கென்று ஒதுக்கப் போகிறேன். அங்கே இரண்டு பக்கமும் திறந்திருக்கும், குழியும் வெல்டிங் சுவரும் தள்ளியே இருக்கின்றன.

இன்னும் இரண்டு ஐயங்கள். இயந்திரம் வாங்கும் வரை மிச்ச கேஸை எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா? அடுத்து, கேஸ் அடிக்கும்போது கடைசிக் கொஞ்சம் கேனிலேயே நின்றுவிடுகிறது என்று பையன் கேனைக் கொதிக்கும் நீரில் வைக்கிறான். அது சரியா? பேட்டரி கார் ஒன்றும் ஏசி குறை என்று வந்து நிற்கிறது.

பதில் 4: செங்கோட்டை ஏசி

தம்பி, கொதிநீர் வேண்டவே வேண்டாம். கேனோ சிலிண்டரோ 52 டிகிரியைத் தாண்டக்கூடாது. கையை விட்டால் இதமாக இருக்கும் 40 டிகிரி நீரே போதும். நெருப்பைக் காட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பாலக்காட்டு வெயிலில் மூடிய வண்டியின் டிக்கிக்குள் சிலிண்டரைக் கிடத்திக் கொண்டுபோவதும் இதே ஆபத்துதான்; நிமிர்த்திக் கட்டி, நிழலில் கொண்டுசெல்லுங்கள்.

கடைசிக் கேஸ் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அடிக்கும் முறைதான். வேக்யூம் முடிந்து, வால்வுகளை மூடி, கேஜ் ஊசி அரை மணி நேரம் அசையாமல் நின்றால்தான் கேஸை நினைக்க வேண்டும். உங்கள் ஊரில் இடவப்பாதி மழைக்காலத்தில் காற்றின் ஈரம் அதிகம் என்பதால் பம்பைக் கூடுதல் நேரம் ஓடவிடுங்கள். 30 டிகிரியில் உள்ளிருக்கும் நீர் கொதித்து வெளியேற வேண்டுமானால் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்திற்கும் கீழே போக வேண்டும், சாதாரணக் கேஜின் ஊசி அந்த நுணுக்கத்தைக் காட்டாது. அதன்பின் இன்ஜினை நிறுத்தியிருக்கும்போதே, அழுத்தம் கூடிய பக்கமான ஹை சைடு வழியாகத் தராசு பார்த்துத் திரவமாக ஒரு பகுதியை விட்டு, அந்தப் பக்கத்துச் சிவப்பு வால்வை மூடிவிட வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கேனை நிமிர்த்திய நிலையில், லோ சைடு வழியாக ஆவியாக மட்டும் மீதியைக் கொடுத்தால் கம்ப்ரஸரே இழுத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால், ஹை சைடின் முழு அழுத்தமும் திரும்பிக் கேனுக்குள் பாய்ந்து, கையிலேயே வெடிக்கும். பையனுக்கு இந்த ஒன்றை மட்டும் பரீட்சை வைத்துக் கேளுங்கள்.

அளவை பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் மட்டுமே தீர்மானியுங்கள். கேஜ் ஊசியைப் பார்த்து அடித்தால் உச்சி வெயிலில் ஒரு எண்ணும் மாலையில் வேறொரு எண்ணும் காட்டும், இரண்டுமே தவறாகலாம். அதே ஸ்டிக்கரில் 1234ஒய்எஃப் என்று இருந்தால் வண்டியைத் தொடாமல் அனுப்பிவிடுங்கள். அது மெல்லத் தீப்பற்றும் வகை, அதற்கு இயந்திரமும் கப்ளரும் தனி.

இயந்திரம் வரும்வரை ஒரு தற்காலிக வழி உண்டு. முறையான ரெகவரி சிலிண்டரை வேக்யூம் செய்து, ஐஸ் நீரில் இறக்கி, இன்ஜின் நின்ற வண்டியோடு குழாயால் இணைத்தால், கேஸ் தானாகவே குளிர்ந்த பக்கம் நகரும். 0 டிகிரியில் 134ஏ-யின் அழுத்தம் ஏறத்தாழ 28 பிஎஸ்ஐதான், வெயிலில் நிற்கும் வண்டியிலோ நூற்றுக்கு மேல். முழுவதும் வராது, பெரும்பகுதி வரும். இணைப்பதற்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள், 80 விழுக்காட்டு வரம்பை மறக்காதீர்கள். எந்த கேஸ் என்று ஐயமுள்ள வண்டியில் இதைச் செய்யக்கூடாது. அப்படிப்பட்ட வண்டியை, கேஸை இனங்காணும் கருவியும் கலப்புக் கேஸுக்கென்று தனிச் சிலிண்டரும் வைத்திருக்கும் பெரிய கடைக்கு, கோயம்புத்தூரானாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.

பேட்டரி காரை இப்போதைக்கு எடுக்காதீர்கள். அதன் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற வயர்கள் போகும் இடமெல்லாம் அந்த மின்சாரம்தான். அதற்குள் இருப்பது பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை ஆயில். சாதாரண வண்டியில் பயன்படுத்திய உங்கள் குழாய்களில் ஒட்டியிருக்கும் பிஏஜி ஆயில் சிறிதளவு உள்ளே போனாலும் மின்காப்பு குறைந்து, வண்டியே நின்றுவிடக்கூடும், தொடுபவருக்கும் ஆபத்து. அதற்கான பயிற்சி பெற்று, தனிக் குழாய்த் தொகுதி வாங்கிய பிறகு பார்க்கலாம். அதுவரை அந்த வண்டியின் உரிமையாளரை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திற்கே போகச் சொல்லிவிடுங்கள்.